ஏழு விரலுக்கான ஸ்பேனர்கள்

அந்த ஸ்பேனர் கீழே விழுந்த சத்தம்தான் முதலில் நினைவுக்கு வருகிறது.

புதுப்பேட்டையில் ஒரு பழைய இரும்புக் கடை. சனிக்கிழமை மதியம். வாசலில் கழற்றிய கார் கதவுகளை வரிசையாகச் சாய்த்து வைத்திருந்தார்கள். உள்ளே ஆயில் வாடை. தரை செருப்பைப் பிடித்து இழுத்தது. என் வீட்டுக்காரர் சாலமன் ஒரு ஸ்பேனரை எடுத்து வலது கையில் வைத்துப் பார்த்தார். அந்தக் கையில் அவருக்கு மிச்சம் இருந்தது கட்டைவிரலும் சுண்டுவிரலும் மட்டும்தான். இரண்டுக்கும் நடுவில் ஸ்பேனரைப் படுக்க வைத்து மெதுவாகத் திருப்பினார். கால்வட்டம் போவதற்குள் அது நழுவிச் சிமெண்டுத் தரையில் விழுந்தது.

கடையில் இருந்த நாலைந்து பேரும் திரும்பிப் பார்த்தார்கள்.

"இது வேணாம் பாய். வெயிட்டு பத்தல," என்றார்.

வெயிட்டுக்கும் அது விழுந்ததற்கும் சம்பந்தம் இல்லை என்று எனக்கும் தெரியும், கடைக்கார பாய்க்கும் தெரியும். பாய் குனிந்து அதை எடுத்தார். லுங்கியில் துடைத்து மறுபடி மாட்டினார். "சரி, வேற பாப்போம். அவசரம் இன்னா?" என்றார். அந்த மனிதரை அதற்குப் பிறகு நான் பார்த்ததில்லை. ஆனால் அந்தக் குரலை நினைத்தால் இப்போதும் கும்பிடத் தோன்றுகிறது.

போன வாரம் இந்தப் பகுதியில் நான் எழுதிய, பள்ளிக்கூடக் கூரை பறந்த கதையைப் படித்துவிட்டு ஒரு சகோதரி எழுதியிருக்கிறார்: "டீச்சர், எல்லாரையும் பற்றி எழுதுகிறீர்கள், உங்கள் வீட்டுக்காரரைப் பற்றி ஒரு வரிகூட இல்லையே?" நியாயமான கேள்வி. தள்ளிப் போட்டுக்கொண்டே வந்தேன். இந்த வாரம் எழுதிவிடுகிறேன்.

கை பேசிய காலம்

ஸ்ரீபெரும்புதூர் பக்கம் அப்போது தொழிற்சாலைகள் ஒன்றிரண்டாகத்தான் வந்துகொண்டிருந்தன. மண்ணூரில் எங்கள் வீட்டிலிருந்து பார்த்தால் ஏரி, அதற்கு அப்பால் நெடுஞ்சாலை, சாலையில் லாரிகள். வயலில் நின்ற ஆட்கள் ஷிஃப்ட்டுக்குப் போக ஆரம்பித்த காலம் அது. "இன்னா ஷிஃப்ட்டு?" என்று ஒருவரை ஒருவர் கேட்டுக்கொள்வது புதுப் பெருமையாக இருந்தது.

சாலமன் ஒரு பிரஸ் ஷாப்பில் ஃபிட்டர். தகடுகளை அழுத்தி வளைக்கும் பெரிய மெஷின்களைப் பார்த்துக்கொள்வது அவர் வேலை. அவரோடு வேலை பார்த்த முனுசாமி சொல்வார்: "டீச்சர், உங்க வூட்டுக்காரரு போல்ட்டத் தொட்டாப் போதும். இன்னும் எத்தினி சுத்து போவும்னு சொல்லிடுவாரு. மீட்டரே வேணாம்."

எனக்கு அது விளங்காது. நான் கண்ட அவர் கை வேறு. ஊசியில் நூல் கோர்க்கத் தெரியாமல் நான் திணறினால் வாங்கி ஒரே முறையில் கோர்த்துக் கொடுக்கும் கை. சர்ச்சில் பாட்டுப் புத்தகத்தின் மெல்லிய தாள்களை எச்சில் தொடாமல் ஒவ்வொன்றாகப் பிரிக்கும் கை. பேச்சு குறைவான மனிதர். பெண் பார்க்க வந்த அன்று எங்கள் வீட்டுக் கதவின் கீல் கிறீச்சிட்டதை மட்டும் கவனித்து, "ஆயில் வுடணும்" என்று சொல்லிவிட்டுப் போனார். என் தங்கை ஒரு வாரம் சிரித்தாள்.

பொங்கல் முடிந்து இரண்டு வாரம் இருக்கும். நான் மூன்றாம் வகுப்புக்கு வாய்ப்பாடு சொல்லிக்கொண்டிருந்தேன். முனுசாமி சைக்கிளை வாசலில் அப்படியே போட்டுவிட்டு ஓடி வந்தார்.

"டீச்சர், ஒண்ணும் இல்ல. வாங்க. ஒண்ணும் இல்ல."

மூன்று முறை சொன்னார். மூன்றாவது முறை சொல்லும்போது அழுதுவிட்டார்.

போனவை நடுவில் இருந்த மூன்று விரல்கள்.

கேட்டில் ஒரு வேலை

ஆஸ்பத்திரியிலிருந்து வந்து ஒன்றரை மாதம் கழித்துக் கம்பெனியில் கூப்பிட்டுப் பேசினார்கள். கேட்டில் வாட்ச்மேன் வேலை தருவதாகச் சொன்னார்கள். நல்லபடியாகத்தான் சொன்னார்கள். எப்போது வேண்டுமானாலும் வந்து சேரலாம் என்றார்கள்.

வீட்டுக்கு வந்து சட்டையைக்கூடக் கழற்றாமல் உட்கார்ந்திருந்தார்.

"இன்னாங்க சொன்னாங்க?"

"கேட்ல நிக்கணுமாம். லாரி வந்தா தொறக்கணும். மேனேஜர் வந்தா சல்யூட் அடிக்கணும்." கையைத் தூக்கிப் பார்த்தார். "சல்யூட்டுக்கும் வெரல் வேணும் எஸ்தரு."

பிறகுதான் கார் வந்தது. பூந்தமல்லியில் ஒரு டாக்டர் இறந்து, அவர் கார் தகரக் கொட்டகையில் நின்றுகொண்டிருந்தது. வெளிர்ப் பச்சை. இருபது வயசு இருக்கும். கம்பெனி கொடுத்த நஷ்டஈட்டில் அதை வாங்கிவிட்டார். என்னைக் கேட்கவில்லை. என் அப்பா தலையில் அடித்துக்கொண்டார்.

அவர் கணக்கு வேறு மாதிரி. கல்யாணத்துக்கு வாடகைக் கார் கேட்டு எல்லாரும் பூந்தமல்லிக்கு ஓடினார்கள். வல்லக்கோட்டை முருகன் கோயிலுக்குக் கிருத்திகை என்றால் கூட்டம். லைசென்ஸ் அவரிடம் பழையது இருந்தது. அதில் விரலைப் பற்றி ஒன்றும் எழுதியிருக்கவில்லை. கியர் ஸ்டீயரிங்குக்கு இடது பக்கத்தில். அதற்கு நல்ல கை. ஸ்டீயரிங்கைப் பிடிக்க வலது உள்ளங்கை போதும்.

"ஓட்றது சுளுவு. ஆனா பழைய வண்டி, தெனம் ஒண்ணு கேக்கும். எல்லாத்துக்கும் மெக்கானிக்க கூப்ட்டா கட்டாது. வூட்டுலயே நானே பாத்துக்கிறேன்," என்றார்.

மூன்று மாதத்தில் அவர் அவ்வளவு நீளமாகப் பேசியது அன்றுதான்.

கடையில் மூன்று மணி நேரம்

புதுப்பேட்டைக் கடைக்குத் திரும்பி வருகிறேன்.

கார் ரிப்பேருக்குச் சாமான் வாங்குவது என்றால் ஒரு பெட்டியை வாங்கிக்கொண்டு வருவது என்று நினைத்திருந்தேன். அவர் ஒவ்வொன்றாக எடுத்தார். எடுத்து, கையில் வைத்துப் பார்த்து, கீழே வைத்தார். பாய் முதலில் அட்ஜஸ்டபிள் ஸ்பேனர் ஒன்றைக் காட்டினார். அதில் ஒரு சின்ன உருளை உண்டு. அதை உருட்டினால் வாய் பெரிதாகும், சிறிதாகும். "இது ஒண்ணு போதும், எல்லா நட்டுக்கும் போடலாம்" என்றார். சாலமன் உருளையைக் கட்டைவிரலால் உருட்டப் பார்த்தார். அதைப் பிடித்துக்கொள்ள எதிர்ப்பக்கம் விரல் இல்லை.

"அது நட்டோட மூலய மழுக்கிடும்," என்று வைத்துவிட்டார். அது பொய் இல்லை. ஆனால் அதுவே காரணமும் இல்லை.

வாய் திறந்த ஸ்பேனர் வேண்டாம், ரிங் ஸ்பேனர் வேண்டும் என்றார். வளையம் நட்டைச் சுற்றிப் பிடித்துக்கொண்டால், கை தவறினாலும் ஸ்பேனர் அதிலேயே தொங்கும். அதுவும் பழைய வண்டி என்பதால் இஞ்சு அளவுதான் பொருந்தும். மில்லிமீட்டர் செட் பளபளவென்று இருந்தாலும் தொடக் கூடாது. ஆழத்தில் இருக்கும் நட்டுக்கு டி ஸ்பேனர். மேலே குறுக்குக் கம்பி இருப்பதால் உள்ளங்கையால் தள்ளியே திருப்பலாம். திருகு ஜாக்கி வேண்டாம். ஆயில் ஜாக்கி, இடது கையால் அடித்தே ஏற்றலாம். ஸ்க்ரூ டிரைவரில் மெல்லிய பிடி எதுவும் வேண்டாம். பம்பரம் மாதிரி உருண்டைப் பிடி வைத்த பழசு ஒன்று மூலையில் கிடந்தது, அதை எடுத்தார்.

பழைய கை இருந்திருந்தால் அவர் இதில் எதையுமே யோசித்திருக்க மாட்டார். என்ன கிடைத்ததோ அதை வைத்து வேலையை முடித்திருப்பார். அன்று அவர் ஒவ்வொரு இரும்பிடமும் 'என்னோடு வருவாயா' என்று கேட்பது போல இருந்தது எனக்கு. பெரும்பாலானவை வரவில்லை.

சக்கர நட்டுக்கு எல் வடிவ ஸ்பேனர் ஒன்றை எடுத்தார். பாய் தலையை ஆட்டினார்.

"அது ஒரு கைய்யிலயே முழு பலம் கேக்கும் தம்பி. இத எடு."

சிலுவை மாதிரி நாலு கை உள்ள வீல் ஸ்பேனர். ஒரு கையை இடது கையால் மேலே இழுத்து, எதிர்க் கையை வலது மணிக்கட்டால் கீழே அழுத்தலாம். சாலமன் சுவரில் ஒரு போல்ட்டில் வைத்துப் பார்த்தார். வந்தது. முதன்முறையாக முகத்தில் ஏதோ அசைந்தது.

சாலையில் விரித்த சாமான்

அந்த வருஷக் கோடையில் ஸ்ரீபெரும்புதூர் என்ற பெயர் ஒரே ராத்திரியில் நாடு முழுக்கத் தெரிந்துபோனது. குண்டு வெடித்தது, தலைவர் செத்துப்போனார். அதைப் பற்றி நான் எழுதி யாரும் தெரிந்துகொள்ள வேண்டியதில்லை. நாங்கள் சாமான் வாங்கப் போனது அதற்குச் சில வாரங்கள் கழித்து. நெடுஞ்சாலையில் அப்போதும் பஸ்ஸை நிறுத்திச் சோதனை போட்டுக்கொண்டிருந்தார்கள்.

எங்கள் கோணிப் பையில் இரும்புச் சத்தம் கேட்டதும் இறங்கச் சொன்னார்கள். தார்ச்சாலை ஓரத்தில் ஒவ்வொன்றாக எடுத்து வைத்தோம். பஸ் முழுக்க ஜன்னலில் தலைகள்.

"இது இன்னாத்துக்கு?"

"ப்ளக்கு கழட்ட சார்."

"இது?"

"கிரீஸ் அடிக்க சார்."

பிறகு அந்தப் போலீஸ்காரர் கையைப் பார்த்தார். கொஞ்ச நேரம் பார்த்தார்.

"வெரல் எப்டிப் போச்சு?"

அந்த நாளில், அந்த ஊரில், அந்தக் கேள்விக்கு என்ன அர்த்தம் என்று எங்கள் இருவருக்கும் தெரியும். சாலமன் கம்பெனி அட்டையை எடுக்கச் சட்டைப்பையில் கையை விட்டார். பதற்றத்தில் அந்தக் கையையே விட்டார். அட்டை வரவில்லை. இரண்டு விரலும் பைக்குள் தடவிக்கொண்டே இருந்தன. நான்தான் எடுத்துக் கொடுத்தேன்.

"மெஷின்ல போச்சு சார். நான் டீச்சர். மண்ணூர்," என்றேன்.

அட்டையை வாங்கிப் பார்த்துவிட்டு, "போங்கம்மா" என்றார். அவர் குரலும் இறங்கித்தான் இருந்தது. பஸ் புறப்பட்ட பிறகு சாலமன் வீடு வரும்வரை ஜன்னல் பக்கமே திரும்பி உட்கார்ந்திருந்தார்.

கிரீஸ் படிந்த டீச்சர்

முனுசாமி கம்பெனிக் கழிவு இரும்பில் வண்டியைத் தாங்க இரண்டு ஸ்டாண்டு செய்து கொண்டுவந்தார். "ஜாக்கிய மட்டும் நம்பிகினு வண்டிக்கு அடில பூராதேண்ணா. அது எப்ப வேணா எறங்கும். ஸ்டாண்டு கீது, அத்த வெச்சுக்க" என்று வைத்துவிட்டுப் போனார்.

அடுத்த சில வாரங்கள் எப்படிப் போயின என்று கேட்டால், கஷ்டப்பட்டுப் போயின. ஆயில் மாற்ற அரை நாள் ஆனது. ஒரு வாஷரை எடுக்க ஒரு மணி நேரம். கீழே விழும், உருளும், வண்டிக்கு அடியில் போகும். அவர் திட்ட மாட்டார், கத்த மாட்டார். மறுபடி எடுப்பார். நான் பார்க்காதது போல அரிசி புடைப்பேன். சில நாள் கூப்பிடுவார்: "எஸ்தரு, இத்த கொஞ்சம் புடி." பிடிப்பேன். பிடிப்பதில் தொடங்கி, திருப்புவதற்கும் பழகிவிட்டேன்.

மறுநாள் பள்ளிக்கூடம் போகும் முன் மண்ணெண்ணெயும் சோப்புத் தூளும் போட்டுத் தேய்ப்பேன். அப்படியும் நகக்கண்ணில் கருப்பு நிற்கும். தலைமையாசிரியை ஒருநாள், "எஸ்தர், பரீட்சைப் பேப்பரில் உங்கள் கைரேகை இருக்கிறது" என்று காட்டினார்.

எஞ்சினுக்குப் பொறி கொடுக்கும் இடத்தில் பாயிண்ட் என்று ஒன்று உண்டு. இரண்டு சின்ன முனைகளுக்கு நடுவே தாள் கனத்துக்கு இடைவெளி வைக்க வேண்டும். ஒரு கையில் மெல்லிய தகடு, இன்னொரு கையில் ஸ்க்ரூ டிரைவர். தகட்டை இழுக்கும்போது லேசாகப் பிடிக்க வேண்டும். இறுகவும் கூடாது, சும்மா வரவும் கூடாது. அந்த வேலையை அவர் ஒரு ஞாயிறு முழுக்கச் செய்தார். வரவில்லை. சாயந்தரம் தகட்டை என்னிடம் நீட்டினார்.

"இழு. இப்ப இன்னா தெரியிது?"

"சும்மா வருதுங்க."

"இப்ப?"

"ஒட்டுது."

"அந்த ரெண்டுக்கும் நடுவுல வை."

வைத்தேன். மூன்றாவது தடவையில் கிடைத்தது. என் விரல் நுனிக்குத் தெரிந்தது. சாவியைப் போட்டதும் எஞ்சின் இருமாமல், உதறாமல், ஒரே சீராக ஓடியது. நான் சின்னப் பிள்ளை மாதிரி கை தட்டினேன்.

அவரும் சிரித்தார். பிறகு என் கையையே பார்த்துக்கொண்டிருந்தார். அந்தப் பார்வையை அன்று நான் புரிந்துகொள்ளவில்லை. புரிந்திருந்தால் கை தட்டியிருக்க மாட்டேன்.

நான் செய்த தவறு

வாடகை வர ஆரம்பித்தது. முகூர்த்த நாள், கிருத்திகை, ஞாயிறு. ஒவ்வொரு முறை வண்டி புறப்படும் முன்னும் அவர் நாலு சக்கரத்து நட்டையும் முடுக்கிப் பார்ப்பார். பழைய வண்டி, நட்டெல்லாம் மரை தேய்ந்தவை. பார்க்காமல் எடுக்கக் கூடாது. அதை மட்டும் என்னைத் தொட விடமாட்டார். முழுக்க முழுக்க அவர் கையால் முடிகிற வேலை அது ஒன்றுதான். முடித்துவிட்டுக் குளிக்கப் போவார்.

அவர் குளிக்கும் நேரத்தில் நான் ஸ்பேனரை எடுத்து எல்லா நட்டையும் இன்னொரு தடவை முடுக்குவேன்.

முதல் நாள் பயத்தில் செய்தேன். இரண்டு நட்டு கால் சுற்று போயிற்று. கல்யாணப் பெண்ணும் குழந்தைகளும் ஏறும் வண்டி. அவரிடம் சொல்லியிருக்க வேண்டும். எப்படிச் சொல்வது? மறுமுறையும் செய்தேன். ஒரு நட்டு அசைந்தது. அப்புறம் அது வழக்கமாகிவிட்டது.

ஐப்பசி பிறந்த பிறகு எதுவும் அசையவில்லை. ஒன்றுகூட. நான் முழுப் பலத்தையும் போட்டாலும் அப்படியே நிற்கும். அவர் கை அந்த வேலையைக் கற்றுக்கொண்டுவிட்டது. அதை முதலில் அறிந்தவள் நான். அறிந்தும் ஸ்பேனரை எடுப்பதை நிறுத்தவில்லை.

கார்த்திகையில் ஒரு முகூர்த்த நாள். காலை வெயில் வந்துவிட்டது. நான் பின்சக்கரத்தருகில் நின்றுகொண்டிருந்தேன். குளியலறைத் தொட்டியில் தண்ணீர் இல்லை என்று குடத்தை எடுக்க அவர் துண்டோடு வெளியே வந்தார்.

என் கையில் ஸ்பேனர். பொய் சொல்ல இடமே இல்லை.

"எத்தினி நாளா?" என்றார்.

"மொதல்ல இருந்து."

"லூசா இருந்துச்சா?"

"மொதல்ல ரெண்டு மூணு இருந்துச்சுங்க. இப்ப இல்ல. ஐப்பசில இருந்து ஒண்ணுகூட அசையல. சத்தியமா."

குடத்தைக் கீழே வைத்தார். கோபம் வந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"அசையலன்னா எதுக்கு இன்னும் முடுக்கிகினு இருக்க?"

பயம் என்று சொல்லலாம். ஆனால் எதைப் பார்த்துப் பயம்? நட்டைப் பார்த்தா, அந்தக் கையைப் பார்த்தா? நான் நின்றேன். அவர் காத்திருந்தார். உண்மையிலேயே காத்திருந்தார். பிறகு, "சரி வுடு" என்று உள்ளே போய்விட்டார்.

நான் சொன்னது உண்மை. அதை நம்ப வைக்கும் தகுதியை நானே அழித்திருந்தேன்.

அன்றைய கல்யாணத்துக்கு, வண்டி ஓட்டத் தெரிந்த முனுசாமியைக் கூப்பிட்டுச் சாவியைக் கொடுத்தார். "நீ இட்டுகினு போ. எனக்கு ஒடம்பு சரி இல்ல." அதற்குப் பிறகு அவர் அந்த வண்டியில் உட்காரவே இல்லை. நான் கெஞ்சினேன், அழுதேன், ஒருநாள் சண்டையும் போட்டேன். "உன் மேல ஒண்ணும் கோவம் இல்ல எஸ்தரு," என்றார். அது நிஜம்தான். அதுதான் தாங்கவில்லை.

வண்டி போன நாள்

கிறிஸ்துமஸுக்கு முன்னால் வடக்குப்பட்டிலிருந்து ஒருவர் கார் பார்க்க வந்தார். வெள்ளை வேட்டி, நிலம் விற்றவர். சாவியைப் போட்டு எஞ்சின் சத்தத்தைக் கேட்டார். பானட்டைத் திறந்து பார்த்தார். குனிந்து அடியில் பார்த்தார். ஒரு சொட்டு ஆயில் ஒழுகல் இல்லை.

"பழைய வண்டின்னாங்க. புதுசாட்டம் வெச்சுகினு கீறீங்களே! மெக்கானிக்கு யாருங்க?"

சாலமன் என்னைக் காட்டினார்.

"இவங்கதான். எல்லாம் டீச்சரு வேலை. நான் சும்மா கூட நின்னேன்."

வந்தவர் பெரிய நகைச்சுவை கேட்டதுபோலச் சிரித்தார். சாலமன் சிரிக்கவில்லை. குத்தலாகவும் சொல்லவில்லை. அவர் அப்படித்தான் நம்பினார்.

"இல்லைங்க, அவருதான். எல்லாமே அவருதான் செஞ்சாரு," என்றேன்.

சொன்ன மாத்திரத்தில் என் காதுக்கே அது தெரிந்தது. புருஷனை விட்டுக்கொடுக்காத பொண்டாட்டி சொல்கிற பேச்சு மாதிரியே இருந்தது. வேட்டிக்காரரும் அப்படித்தான் எடுத்துக்கொண்டார். மரியாதையாகத் தலையை ஆட்டினார். சாமான்கள் இருந்த பெட்டியையும் சாலமனே தூக்கிப் பின்சீட்டில் வைத்துக் கொடுத்தார்.

வண்டி ஏரிக்கரையில் திரும்பி மறைந்தது. நாங்கள் இருவரும் வாசலில் நின்றோம். ஏதாவது சொல்லுவார் என்று பார்த்தேன்.

"திங்கக்கெழமைல இருந்து கேட் டூட்டி. சொல்லிட்டு வந்துட்டேன். காலைல ஆறு மணி ஷிஃப்ட்டு. எழுப்பி வுட்ரு," என்றார்.

எழுப்பிவிட்டேன். அவர் ரிட்டையர் ஆகும்வரை எழுப்பிவிட்டேன்.